வியட்நாமை வெல்ல வைத்தது கெரில்லாப் போரா?

"பிரான்சையும் அமெரிக்காவையும் வியட்நாம் கெரில்லாப் போரால்தான் தோற்கடித்தது என்று சொல்வது எவ்வளவு தூரம் சரி?" என்பது கேள்வி. ஏறக்குறைய 1960 முதல் 1965 வரையிலான தென் வியட்நாமுக்கு அந்தக் கூற்று நன்றாகவே பொருந்துகிறது. போரின் முடிவைத் தீர்மானித்த 1954, 1975 ஆகிய இரு கட்டங்களுக்கும் பொருந்துவதில்லை. 1954இல் பீரங்கியோடும் 1975இல் டாங்கிகளோடும் வென்றவை முறையான படைகளே. மூங்கில் முட்களும் சுரங்கப் பாதைகளும் உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் வைத்து முப்பது ஆண்டுப் போரை விளக்க முயன்றால், அந்தப் படைகளுக்கு அரிசி எங்கிருந்து வந்தது, எப்போது அடிப்பது எப்போது காத்திருப்பது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற இரண்டு முக்கியமான கேள்விகளும் கண்ணில் படாமலேயே போய்விடும்.

1975 ஏப்ரல் 30 நண்பகலில் சைகோன் அதிபர் மாளிகையின் வாயிலை இடித்துக்கொண்டு நுழைந்த டாங்கிகளிலிருந்து தொடங்கலாம். 843 என்ற எண் கொண்ட டாங்கி பக்கவாயிலில் மோதி அங்கேயே நின்றுவிட, பின்னால் வந்த 390ஆம் எண் டாங்கி நடு வாயிலைத் தகர்த்து உள்ளே சென்றது. 843இன் தளபதி கொடியுடன் ஓடி மாடியில் ஏற்றியதால், அதுவே முதலில் நுழைந்தது என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. அன்று அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படம் வெளிவந்த பிறகே வரிசை திருத்தப்பட்டது. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று: 843 சோவியத் தயாரிப்பு, 390 சீனத் தயாரிப்பு. அந்த இரு நாடுகளும் அப்போது ஒன்றையொன்று எதிரியாகக் கருதிய காலத்தில், இரண்டின் டாங்கிகளும் ஒரே வாயிலில் முன்னும் பின்னுமாக நின்றன.

இந்தப் படையின் பிறப்பு மிகச் சிறியது. 1944 டிசம்பர் 22 அன்று காவ் பாங் மலைக்காட்டில் 34 பேர் கொண்ட ஒரு குழுவை வோ நுயென் ஜியாப் அமைத்தார். அவர் ஹனோயில் வரலாறு கற்பித்த ஆசிரியர். எந்த இராணுவக் கல்லூரியிலும் படித்தவரல்லர். அந்தக் குழுவுக்கு வைக்கப்பட்ட பெயர் 'வியட்நாம் பிரசார விடுதலைப் படை'. பிரசாரம் என்ற சொல் பெயரின் முன்பகுதியிலேயே இடம்பெற்றது தற்செயலன்று: துப்பாக்கி கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கீழ்ப்பட்டது, கிராமத்தைத் திரட்டுவதே படையின் முதல் வேலை என்பதே கட்சித் தலைவர் ஹோ சி மின் அதற்கு இட்ட கட்டளை.

கிராமம் திரண்டதற்குக் காரணமாக அமைந்தது பஞ்சம். 1944–45இல் வட வியட்நாமில் ஜப்பானியப் படையும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்து குவித்துக்கொண்டிருக்க, தெற்கின் அரிசி வடக்கே வரும் வழிகளை அமெரிக்கக் குண்டுவீச்சு உடைத்துப் போட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கையை நான்கு லட்சம் என்பவர்களும் உண்டு, இருபது லட்சம் என்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் அரிசிக் கிடங்குகளை உடைத்து மக்களுக்குப் பகிர்ந்தளித்தவர்கள் ஹோ சி மின் தலைமையிலான விடுதலை இயக்கமான வியட் மின் அமைப்பினர். 1945 மார்ச்சில் ஜப்பான் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தது. ஆகஸ்டில் ஜப்பானே சரணடைந்தது. இடையில் ஏற்பட்ட வெற்றிடத்தில் செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் சதுக்கத்தில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதன் தொடக்க வரிகள் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

தெற்கில் நடந்தது வேறு. 16ஆம் அகலக்கோட்டுக்குத் தெற்கே ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையும் பொறுப்பு பிரிட்டனுக்குத் தரப்பட்டதால், ஜெனரல் டக்ளஸ் கிரேசியின் தலைமையில் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 20ஆவது டிவிஷன் சைகோனில் இறங்கியது. கிரேசி சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களுக்கு ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று அவர்கள் நகர நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். எதிர்ப்பை அடக்க, சரணடைந்த ஜப்பானியப் படையினரே மறுபடியும் பயன்படுத்தப்பட்டார்கள். பிறர் விடுதலையை நசுக்க இந்தியச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டதை நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். வியட்நாம் போரின் தொடக்கத்தில் நம் பக்கத்துச் சிப்பாய்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1946 நவம்பரில் பிரெஞ்சுக் கடற்படை ஹைபோங் நகரைக் குண்டுவீசித் தாக்க, டிசம்பர் 19 அன்று முழுப்போர் மூண்டது. முதல் மூன்றாண்டுகள் வியட் மின் மலைகளில் உயிர்பிழைத்திருந்தது என்பதே சரியான விவரிப்பு. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றதும் நிலைமை தலைகீழானது. பயிற்சி, பீரங்கி, ஆலோசகர்கள் எல்லாம் எல்லையைத் தாண்டி வந்தன. 1950 இலையுதிர்காலத்தில் காவ் பாங் எல்லைச் சாலையில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டது. அந்த வெற்றி ஜியாபுக்குத் தலைக்கேறியது என்றே சொல்ல வேண்டும். 1951இல் செவ்வாற்றுச் சமவெளியில் இறங்கி நேருக்கு நேர் மோதினார். வின் யென்னில் நேபாம் குண்டுகளுக்கு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்தார். தொடர்ந்து இரண்டு இடங்களிலும் தோற்றார். அவசரத்தின் விலை என்னவென்று அவர் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்தப் பாடத்தின் பயன் டியென் பியென் பூவில் தெரிந்தது. லாவோஸ் எல்லையை ஒட்டிய அந்தப் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுத் தளபதி நவார் 1953 நவம்பரில் படையை இறக்கினார். சுற்றிலும் மலை, நடுவே விமான ஓடுதளம், உணவும் குண்டும் வானிலிருந்து. எதிரியால் கனரகப் பீரங்கிகளை அந்த மலைகளுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் நீண்டநாள் உணவளிக்க முடியாது என்பது கணக்கு. கணக்கு அறிவற்றதன்று, ஒரு சுமைகூலி பல நூறு கிலோமீட்டர் நடந்தால் தான் சுமக்கும் அரிசியில் பெரும்பகுதியைத் தானே உண்டுவிடுவார். அதற்கு வியட் மின் கண்ட விடைகளில் ஒன்று சைக்கிள். சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிடியில் ஒரு மூங்கில் கழியைக் கட்டி நீட்டி, இருக்கைக் குழாயில் இன்னொரு கழியைச் செருகி, ஏறி ஓட்டாமல் பக்கத்தில் நடந்தபடியே தள்ளிச் சென்றார்கள். ஒரு சைக்கிள் 200 கிலோவுக்கு மேல் தாங்கியது. இவற்றோடு சோவியத் லாரிகள், படகுகள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுமைகூலிகள்.

தாக்குதல் 1954 ஜனவரி 25 என்று குறிக்கப்பட்டு, பின் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. விரைவாக அடித்து விரைவாக முடிப்பது என்பது திட்டம். சீன ஆலோசகர்களின் ஆதரவும் அதற்கு இருந்தது. ஓர் இரவு முழுவதும் உறங்காமல் யோசித்த ஜியாப், மறுநாள் தாக்குதலை ரத்து செய்து, வாரக்கணக்கில் வடம் கட்டி மலையேற்றிய பீரங்கிகளைத் திரும்ப இழுக்கச் சொன்னார். ஏற்றுவதைவிட இறக்குவது கடினம்; இரவில், வெளிச்சமின்றி, டன் கணக்கில் எடை கொண்ட இரும்பு சரிவில் மனிதர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கும். பிப்ரவரி 1 அன்று வடம் அறுந்து உருண்ட ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியை நிறுத்தச் சக்கரத்தின் கீழ் தன் உடலைக் கொடுத்தவராக தோ வின் தியென் என்ற வீரரின் பெயர் இன்றும் அங்கே போற்றப்படுகிறது. அப்படித் திரும்பிய பீரங்கிகள் புதிய பாதைகளில் மறுபடி ஏற்றப்பட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்த முன்சரிவிலேயே குடையப்பட்ட குழிகளுக்குள் மறைத்து வைக்கப்பட்டன. மார்ச் 13 அன்று அவை முழங்கியபோது பிரெஞ்சுப் பீரங்கிப்படைத் தலைவர் பிரோத்தால் அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அடக்கிவிடுவேன் என்று உறுதியளித்திருந்த அவர் இரண்டு நாளில் கைக்குண்டால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 56 நாட்களுக்குப் பின், மே 7 அன்று கோட்டை விழுந்தது. இது முற்றுகைப் போர். கெரில்லாப் போருக்கும் இதற்கும் தொலைவு அதிகம்.

களத்தில் கிடைத்தது ஜெனீவா அமைதிப் பேச்சுவார்த்தையில் பாதியே கைக்கு வந்தது. 13ஆம் அகலக்கோட்டில் எல்லை வேண்டும் என்று கேட்ட வியட் மின் தூதுக்குழுத் தலைவர் ஃபாம் வான் டோங், சீனாவும் சோவியத் ஒன்றியமும் நெருக்கியதால் 17ஆம் அகலக்கோட்டை ஏற்றார். 1956 ஜூலையில் நாடு முழுவதற்கும் தேர்தல் என்ற உறுதிமொழி எழுத்தளவில் நின்றது. கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த இந்தியாவால் அறிக்கை எழுத முடிந்ததே தவிர எதையும் செயல்படுத்த முடியவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் வட வியட்நாம் தலைமை பேச்சுவார்த்தைகளில் காட்டிய பிடிவாதத்தை இந்த அனுபவத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இருபுறமும் ஆட்சிகள் கடுமையாகவே தொடங்கின. வடக்கில் நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் பொய்க்குற்றச்சாட்டுகளும் மரண தண்டனைகளும் பெருகி, கட்சிக்காகப் போராடிய குடும்பங்களே ஆயிரக்கணக்கில் பலியாயின. 1956இல் கட்சி தவற்றை ஒப்புக்கொண்டது. பொதுச்செயலாளர் துருவோங் சின் பதவி இழந்தார். தெற்கில் பிரதமராக இருந்த டியெம் 1955 அக்டோபரில் நடத்திய பொதுவாக்கெடுப்பில் 98 சதவீதம் பெற்றார். சைகோனில் பதிவுபெற்ற வாக்காளர் சுமார் 4,50,000 பேர், அவருக்கு விழுந்த வாக்குகளோ 6,05,000. இதைவிட முக்கியமானது, வியட் மின் பகிர்ந்தளித்த நிலங்களுக்கு நிலவுடைமையாளர்கள் அரசுப் படையின் துணையோடு திரும்பி வந்து குத்தகை வாரம் கேட்டது. மெக்காங் டெல்டாவின் குடியானவர் கம்யூனிசத் தத்துவத்தைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர் அல்லர். வாரம் கேட்க வந்த ஆளைப் பார்த்துவிட்டுப் போனவர்.

இந்தக் கட்டத்தில்தான் கெரில்லாப் போர் என்ற சொல் முழுமையாகப் பொருந்துகிறது. 1959 ஜனவரியில் ஹனோயில் கட்சியின் மத்தியக் குழு தெற்கில் ஆயுதப் போராட்டத்துக்கு இசைவளித்தது. 1960 டிசம்பரில் தெற்கின் கெரில்லாக்களைத் திரட்டிய தேசிய விடுதலை முன்னணி பிறந்தது. 1963 ஜனவரியில் ஆப் பாக் கிராமத்தில் சில நூறு பேர் ஹெலிகாப்டர்களும் கவச வண்டிகளும் கொண்ட தென் வியட்நாம் அரசின் பெரும்படையைத் தடுத்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூனில் பௌத்தத் துறவி திக் குவாங் தூக் சைகோன் தெருவில் தீக்குளித்தார். நவம்பரில் டியெம் சொந்தத் தளபதிகளால் கொல்லப்பட்டார். ஹனோயில் கட்சியின் முதற்செயலாளராகியிருந்த லே துவான், தெற்கில் கட்சிப் பணியும் சுமார் பத்தாண்டுச் சிறைவாசமும் கண்டவர், இதைப் பெரிய அடிக்கான தருணமாகக் கருதினார். வடக்கின் முறையான படைப்பிரிவுகள் தெற்கே நடக்கத் தொடங்கின. 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதைக் காட்டி அமெரிக்க அதிபர் ஜான்சன் போர் அதிகாரம் பெற்றார்; அவற்றுள் இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படையினர் டா நாங்கில் இறங்கினார்கள். 1969இல் அமெரிக்கர்களின் மொத்தப் படைபலம் 5,40,000ஐத் தாண்டியது.

இத்தனை பெரிய சக்தியைத் தாங்கி நிற்க வைத்தது ஹோ சி மின் பாதை. 1959 மே மாதத்தில் அமைக்கப்பட்டதால் 559 என்று பெயர் பெற்ற படைப்பிரிவு, துருவோங் சோன் மலைத்தொடரில் ஒற்றையடிப் பாதையாகத் தொடங்கியதை, லாவோஸ் வழியாகப் பின்னிப் பிரியும் லாரிச் சாலைகளின் வலையாக வளர்த்தது. கடைசியில் எரிபொருள் குழாய்கூட அதில் ஓடியது. லாவோஸ் மீது மட்டும் 20 லட்சம் டன் குண்டுகள் வீசப்பட்டன. பாதை மூடவில்லை, காரணம், குண்டு விழுந்த குழியை அன்றிரவே மண்வெட்டியால் நிரப்ப ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். பாதைக்குப் பொருள் சென்ற வழியில், ஹா தின் மாகாணத்து டோங் லோக் சந்திப்பில், 1968 ஜூலை 24 அன்று அப்படிக் குழி நிரப்பிக்கொண்டிருந்த பத்துப் பெண்கள் ஒரே குண்டுவீச்சில் இறந்தார்கள். வயது 17 முதல் 24 வரை. அந்தப் பெண்களின் உழைப்பையும், விமான எதிர்ப்பு ஏவுகணைகளை அனுப்பிய சோவியத் ஒன்றியத்தையும், வடக்கின் சாலைகளையும் ரயில் பாதைகளையும் பழுதுபார்க்க 1965–68இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை முறைவைத்து அனுப்பிய சீனாவையும் விட்டுவிட்டு இந்தப் போரைச் சொன்னால் அது பாதிக் கதை.

டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டில் தொடங்கிய 1968இன் டெட் தாக்குதல் லே துவானின் முடிவு. நகரங்களில் ஒரே நேரத்தில் அடித்தால் மக்கள் எழுந்து சேர்ந்துகொள்வார்கள் என்று அவர் நம்பினார். ஜியாபுக்கு அந்த நம்பிக்கை இல்லை. முந்தைய ஆண்டு ஜியாபுக்கு நெருக்கமான அதிகாரிகள் 'திரிபுவாதிகள்' என்று கைது செய்யப்பட்டார்கள். தாக்குதல் தொடங்கிய புத்தாண்டு இரவில் ஜியாப் மருத்துவ சிகிச்சைக்கென ஹங்கேரியில் இருந்தார். மக்கள் எழவில்லை. தெற்கின் கெரில்லா அமைப்பு பல ஆண்டுகளாகச் சேர்த்த ஊழியர்களைச் சில மாதங்களிலேயே இழந்தது; ஹுவே நகரைப் பிடித்திருந்த 26 நாட்களில் அரசு ஊழியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரைக் கொன்று புதைத்தது. மறுபுறம் மார்ச் 16 அன்று மை லாயில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையுமாக, வியட்நாமியக் கணக்கின்படி 504 பேரைச் சுட்டுக் கொன்றது. களத்தில் தோற்ற டெட், வாஷிங்டனில் வென்றது: மார்ச் 31 அன்று ஜான்சன் மறுதேர்தலுக்கு நிற்கப்போவதில்லை என்றார். ஆனால் அதன் பிறகு தெற்கில் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து நடந்து வந்த சிப்பாய்கள். கெரில்லாப் போர்தான் வென்றது என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1972 மார்ச் இறுதியில் வடக்கு டாங்கிகளோடு எல்லையைக் கடந்தபோது மறைவுக்கே இடமில்லை. அமெரிக்க விமானங்கள் அந்தத் தாக்குதலை முறித்தன. குவாங் திரிக் கோட்டையில் 81 நாட்கள் நடந்த சண்டையில் போனது ஒரு தலைமுறை. இருந்தும் 1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தத்தில் தெற்கிலிருந்த ஒன்றரை லட்சம் அளவிலான வட வியட்நாம் வீரர்கள் அங்கேயே இருக்கலாம் என்றாயிற்று. அமெரிக்கர் போனார்கள், அவர்கள் இருந்தார்கள்; மற்றது காலக்கணக்கு.

1975இல் இரண்டாண்டுத் திட்டமாகப் போடப்பட்டது 55 நாளில் முடிந்தது. மார்ச் 10 அன்று பான் மே துவோத் தாக்கப்பட்டதும் தென் வியட்நாம் அதிபர் தியூ மத்திய மலைநாட்டைக் கைவிடச் சொன்னார், பின்வாங்கல் ஓட்டமாயிற்று. தென் வியட்நாம் படை கோழைகளின் கூட்டம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது; எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அது போரில் இழந்தது, அமெரிக்க உதவி வெட்டப்பட்டு எரிபொருளும் குண்டும் அளந்து கொடுக்கப்பட்ட கடைசி மாதத்திலும் ஷுவான் லோக்கில் 12 நாட்கள் நின்று சண்டையிட்டது. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி வடக்கும் முன்னணியும் இழந்த போராளிகள் 11 லட்சம், இறந்த பொதுமக்கள் 20 லட்சம். அமெரிக்கர் 58,000க்கு மேல்.

வென்றவர்கள் ஆட்சி செய்ததில் அந்தத் திறமை தெரியவில்லை. லட்சக்கணக்கான முன்னாள் அதிகாரிகளும் சிப்பாய்களும் மறுகல்வி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் பத்தாண்டுக்கும் மேலாக. டெல்டாவில் கூட்டுப்பண்ணை விளைச்சலைக் குறைத்தது. படகுகளில் தப்பியவர்களில் பெருந்தொகையினர் கடலில் மடிந்தார்கள். எல்லையில், கம்போடியாவை அப்போது ஆண்ட போல் பாட்டின் கெமர் ரூஜ் 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்து இரண்டே வாரத்தில் ப்னோம் பென்னைப் பிடித்தது. 1979 பிப்ரவரி 17 அன்று சீனா வட எல்லையில் படையெடுத்து, லாங் சோன் வரை நாசம் செய்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்பியது. 1980இல் புதிய கம்போடிய அரசை இந்தியா அங்கீகரித்தது. உலகின் பெரும்பகுதி போல் பாட் தரப்பினருக்கே ஐ.நா. இருக்கையை விட்டுவைத்தது.

கம்போடியாவில் வேடங்கள் மாறின. இப்போது டாங்கியும் சாலையும் வியட்நாமிடம்; தாய்லாந்து எல்லைக்காடும் கண்ணிவெடியும் சீன உதவியும் கெமர் ரூஜிடம். பத்தாண்டுகள் அந்தச் சிப்பாய்கள் அங்கே சிக்கிக் கிடந்தார்கள். அதே ஆண்டுகளில் ஜியாப் 1980இல் பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் 1982இல் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவில் தன் இடத்தையும் இழந்து, குடும்பக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக்கப்பட்டார். 1986 ஜூலையில் லே துவான் இறந்தார். டிசம்பரில் கட்சி மாநாடு 'டோய் மோய்' என்ற புதுப்பித்தல் கொள்கையை ஏற்றது. அப்போதும் வடக்கு மாகாணங்களில் பசி இருந்தது. 1988 ஏப்ரலில் பொலிட்பீரோவின் பத்தாவது தீர்மானம் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. 1989 செப்டம்பரில் கடைசிப் படைப்பிரிவுகள் கம்போடியாவிலிருந்து திரும்பின. அதே ஆண்டில் வியட்நாம் ஏறத்தாழ 14 லட்சம் டன் அரிசியை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது.